கப்பலாக நடித்தவள்

என் பட்டறைக்கு வரும் பழைய வீடியோ கேம் பெட்டிகளில் பாதியில் எலி குடும்பம் நடத்தியிருக்கும். மீதிப் பாதியில் கரப்பான். அதனால் பின்பலகையைக் கழற்றும்போது நான் எப்போதும் சற்றுத் தள்ளித்தான் நிற்பேன். அன்றைக்குக் கழற்றிய பெட்டியில் எலியும் இல்லை, கரப்பானும் இல்லை, வீடியோ கேமும் இல்லை.

வெளியே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆளுயரப் பெட்டி, சிவப்புப் பெயிண்ட், கைப்பிடி, பொத்தான்கள், காசு போடும் துவாரம், நெற்றியில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு விளையாட்டின் பெயர். நான் கேள்விப்படாத விளையாட்டு என்று ஒன்று இருக்க முடியாது. திமிராகச் சொல்லவில்லை, வாழ்க்கையில் வேறு எதையும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. உள்ளே கைப்பிடியிலிருந்து ஒரு ஒயர்கூடப் புறப்படவில்லை. பிக்சர் டியூப் இருக்க வேண்டிய இடம் காலி. போர்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்காலி, அடிப்பலகையோடு சேர்த்துத் திருகு போட்டு இறுக்கியிருந்தது.

“என்னம்மா, ஓடுமா?” என்றார் பின்னால் நின்ற பழைய சாமான் வியாபாரி. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் கிடங்கை மொத்தமாக வாங்கி வந்திருந்தார்.

“உள்ள குடலே இல்லைங்க. வெறும் தோல்தான்.”

“அப்ப ஏமாத்திட்டாங்களா?”

“உங்களை ஏமாத்தல. படம் பாக்கிறவங்களை ஏமாத்தச் செஞ்சது.”

நிஜமான டியூபைப் பழைய சினிமா கேமராவில் எடுத்தால் திரையில் ஒரு கறுப்புப் பட்டை உருண்டுகொண்டே இருக்கும். அதைத் தவிர்க்க, பெட்டிக்குள் ஆளை உட்கார வைத்து, விளையாட்டைக் கையாலேயே ஆட்டிக் காட்டிய ஆர்ட் டைரக்டர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்னால் பனிபடர்ந்தது போன்ற கண்ணாடி. அதற்குப் பின்னால் ஊசித் துளைகள் போட்ட கறுப்பு அட்டை, நட்சத்திரங்களுக்காக. மேலே ஒரு பெரிய பல்பு மாட்டும் இடம். சுற்றியிருந்த மரம் கருகியிருந்தது. கம்பிகளின் நுனியில் தகரத்தில் வெட்டிய சின்னச் சின்னக் கப்பல்கள், ஆகாயத்தில் பறக்கிற ஜாதி. இடது பக்கக் கம்பியில் எதிரிக் கப்பல் மூன்று, ஈயம் வைத்து ஒட்டியவை. வலது பக்கம் ஒரே ஒரு கப்பல். அது மட்டும் ஒட்டப்படாமல், தையல் நூலால் நெருக்கி நெருக்கிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

“எந்தப் படத்துல வந்ததுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்” என்றார் வியாபாரி. “பேரை எழுதி கடை வாசல்ல நிறுத்திட்டா, ஜனம் போட்டோ எடுத்துக்க வரும்.”

நான் குனிந்து உள்ளே நுழைந்து முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் இடித்தன. என்னைவிடச் சின்ன உருவம் யாரோ உட்கார்ந்த இடம். வலது கம்பியை வலது கையிலும் இடது கம்பியை இடது கையிலும் பிடித்தேன். பிடித்த உடனே அம்மாவின் கதை நினைவுக்கு வந்தது.

“ஒரு மஞ்சள் அலமாரி. அதுக்குள்ள நான்” என்று அம்மா சொல்வாள். நான் தூங்க மறுக்கும் நாட்களில் சொல்லும் கதை அது. “வலது கையில என் கப்பல். இடது கையில எதிரிக் கப்பல் மூணு. என்னை நானே துரத்துவேன், என்னை நானே சுடுவேன். தலைக்கு மேல சூரியன் மாதிரி ஒரு விளக்கு, வேர்த்துக் கொட்டும். சில நேரம் அலமாரி தானா நகரும். எங்க போகுதுன்னு தெரியாது. யாரும் இறங்குன்னு சொல்லல, அதனால நான் இறங்கல.”

தூங்க வைக்கக் கட்டிய கதை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஆனால் அம்மாவின் அலமாரி மஞ்சள். இது சிவப்பு. கதையும் பெட்டியும் அந்த ஓர் இடத்தில் ஒட்ட மறுத்தன.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனிதர்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. “என் சர்வீஸ்ல டிக்கெட் இருந்தவனை ஒரு தடவைகூட இறக்கிவிட்டதில்லை” என்பார். “டிக்கெட் இல்லாதவன் உடனே கதை சொல்ல ஆரம்பிப்பான். இருக்கிறவன் தேடுவான். தேடுறவனுக்கு நேரம் குடுக்கணும்.” வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மனப்பாடம்.

அம்மா ஒரு ஸ்டூடியோவின் தையல் பிரிவில் வேலை பார்த்தாள். குள்ளம். அலமாரியின் மேல்தட்டை எட்ட வேண்டுமென்றால் அவளுக்கு நாற்காலி வேண்டும். ஒருநாள் வீட்டுக்கு வந்து, “நான் படத்துல நடிக்கப் போறேன்” என்றாளாம். “என்ன வேஷம்?” என்று அப்பா கேட்டிருக்கிறார். “கப்பல்.” அப்பா வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு. அவர் அலுவலகம் முழுக்க, தெரு முழுக்க, தன் மனைவி கப்பலாக நடிக்கிறாள் என்று தண்டோரா போடாத குறை. அதற்கப்புறம் சில வாரங்கள் அவள் தாமதமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். ஒத்திகை என்றாள்.

படம் வெளிவந்த அன்று அப்பா ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்தார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அவரோடு வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள். நான் அம்மா மடியில். படம் முழுக்க ஒரு குடும்பம் உட்கார்ந்து அழுதது. கதாநாயகி அழுத அழுகையில் கடல் வேண்டுமானால் இருந்தது, கப்பல் இல்லை. பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை. விளக்கு போட்டு, எல்லாரும் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதும் அம்மா வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வெளியே வந்ததும் அப்பாவின் சிநேகிதர் ஒருவர், “என்ன அண்ணி, கப்பல் கவுந்துடுச்சா? கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாது!” என்றார். ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை.

“அத்தனை நாளும் எங்க போன?”

“ஒத்திகைக்கு.”

“கப்பலுக்கு ஒத்திகையா?”

அதுதான் அவர் அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி. அடிக்கவில்லை, திட்டவில்லை, வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. எங்கே போகிறாய் என்றும், ஏன் இவ்வளவு நேரம் என்றும், உடம்புக்கு என்ன என்றும் கேட்காமல் விட்டார். கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த மனிதர் ஒருத்தியை மட்டும் கேட்காமல் விட்டால், அதைவிடப் பெரிய தண்டனை ஏது? எங்கள் வீட்டில் பொய் என்ற வார்த்தையே இல்லாமல் போனது. பால்காரர் நாளைக்கு வருகிறேன் என்றால், “கப்பல்” என்பார் அப்பா. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்துக்கொண்டு, “அந்த சீனை வெட்டிட்டாங்க போல இருக்கு” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. சில நாளில் அவள் போய்விட்டாள்.

அப்பாவை நான் மன்னிக்கவில்லை. சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன், மருந்து வாங்கிக் கொடுக்கிறேன், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அதெல்லாம் வேறு. அவருக்குக் கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் நெடுநாள் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் தம்ளரை வைத்தாலும், கண்ணாடிக் கூட்டை வைத்தாலும், வைத்த பொருளின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார், ‘இரு, எங்கேயும் போயிடாதே’ என்பது போல. பார்வை நன்றாக இருந்த காலத்திலேயே அந்தப் பழக்கம் உண்டு. டிக்கெட் குத்திக் குத்தி வந்த கைப்பழக்கம் என்று நான் கேலி செய்வேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆக, அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. அம்மா பொய் சொல்லவில்லை என்று அப்பாவின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அவர் கண் போவதற்குள் காட்ட வேண்டும். அந்த ஆசையில் பாசத்தைவிடக் கோபம்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

வியாபாரிக்குத் தெரிந்த ஒருவரை வரவழைத்தோம். புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய படங்களாகவே பார்ப்பவர், ஆனால் நடிகர்களைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மேஜை, கடிகாரம், பூச்சாடி, தொலைபேசி இவற்றைத்தான் பார்ப்பார். இந்தப் படத்தில் உடைந்த சாடி அந்தப் படத்தில் ஒட்டப்பட்டு வந்திருக்கிறது என்று சொல்வார். சாமான் சேகரிப்பவர்கள் அவருக்கு ‘பின்னணிக்காரர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“ஒரு படத்தோட கதையாவது தெரியுமா சார் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“கதை எல்லாத்துலயும் ஒண்ணுதானேம்மா. சாமான்தான் மாறும்.”

பெட்டியை வலம் வருவது போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உடனே சொல்லிவிட்டார். ஒரு ஹோட்டல் காட்சி, தூணுக்குப் பின்னால் இதே சிவப்புப் பெட்டி அணைந்து நிற்கும். படத்தின் பெயரும் சொன்னார். அது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த படம். அம்மா போய் வெகுகாலத்துக்குப் பிறகு.

“உள்ள ஆள் உட்கார்ந்து ஆட்டின மாதிரி சீன்?”

“இல்லைம்மா. சும்மா நிக்கும், அவ்வளவுதான்.”

வியாபாரிக்குப் பரம சந்தோஷம். மறுநாளே பெட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் அம்மா இதில் உட்காரவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு எனக்குக் கதை கட்டியிருக்கிறாள். அப்பா சொன்னதே சரி, அது கப்பல்தான். அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, பெட்டியைக் கொடுத்துவிடும் முன் கைப்பிடி ஆடுகிறதே, இறுக்கியாவது அனுப்புவோம் என்று அதன் தகட்டைக் கழற்றினேன். எங்கள் தொழிலில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் எல்லாத் தகடுகளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவோம். ஷூட்டிங் ஆட்களுக்கு அதற்கு ஏது நேரம்? தகட்டைச் சுற்றியே பூசிவிட்டுப் போயிருந்தார்கள். தகடு மூடியிருந்த இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, பளிச்சென்று மஞ்சள்.

சுரண்டும் தகட்டை எடுத்துப் பக்கப் பலகையில் வைத்து இழுத்தேன். சிவப்பு உரிந்து மஞ்சள் வந்தது. வண்டியோடு வந்த வியாபாரி வாசலிலேயே அலறினார்.

“ஐயோ, என்னம்மா பண்றீங்க! நேத்துதான் பேரு கிடைச்சுது, இன்னைக்குத் தோலை உரிக்கிறீங்களே!”

“வாயை மூடிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க. கோபத்துல நான் உங்க தோலையும் உரிச்சுடுவேன்.”

அவர் நின்றார். நல்ல மனுஷன். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

பின்னணிக்காரருக்குப் போன் போட்டு, “சார், அடியில மஞ்சள்” என்றேன்.

“நெத்தியில பாருங்க” என்றார். “பேருக்கு அடியில வெள்ளையா ஒரு வால் நட்சத்திரம் இருக்கா?”

வியாபாரிதான் சுரண்டினார். இருந்தது.

“அதை எங்கயும் கொண்டு போயிடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்.”

அவர் ஒரு பழைய வீடியோ கேசட்டோடு வந்தார். தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்காத படமாம். கதை என்ன என்று கேட்டால் வழக்கம்போலத் தெரியாது. என் பட்டறையில் சோதிப்பதற்கு வைத்திருந்த டிவியில் போட்டு, ஓட்டி ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“நான் எதுவும் சொல்லல. நீங்களே பாருங்க.”

வில்லன் யாரையோ கெடுக்கத் திட்டம் போட்டுக்கொண்டே மஞ்சள் பெட்டியில் விளையாடுகிறான். அவன் தோளைத் தாண்டி கேமரா பெட்டியின் திரையை நெருங்குகிறது. நட்சத்திரங்கள். ஒரு கப்பல். எதிரே மூன்று கப்பல்கள் வருகின்றன. நம் கப்பல் ஒதுங்குகிறது, பதுங்குகிறது, பாய்கிறது. பார்க்க அத்தனை அழகு. திடீரென்று அது தலைகுப்புறச் சாய்ந்து விழுகிறது. பல்பின் சூட்டில் ஈயம் இளகியிருக்க வேண்டும். ஒரு கணம் ஆகாயம் காலியாகக் கிடக்கிறது. அப்புறம் கீழிருந்து ஒரு கை வருகிறது. சின்னக் கை. விழுந்த கப்பலை எடுத்து நிமிர்த்தி, அதன் இடத்தில் வைக்கிறது. வைத்துவிட்டு அதன் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போகிறது. வில்லன் எதையும் கவனிக்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

“திரும்ப எடுக்க வசதியில்லாம அப்படியே விட்டுட்டாங்க போல” என்றார் பின்னணிக்காரர். “நான் எத்தனையோ படம் பார்த்திருக்கேன். இந்தக் கையை மட்டும் மறக்க முடியல. யாரு கையா இருக்கும், யாரு கையா இருக்கும்னு நினைச்சுட்டே இருப்பேன். பெட்டி கிடைக்கும்னு கனவுலகூட நினைக்கல.”

அந்த இரண்டு தட்டு. அதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் அம்மாவின் கையில் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அவளுடைய கை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

“இது எந்தப் படத்துக்காகச் செஞ்ச பெட்டி சார்?”

“அதான் வேடிக்கை. அந்த ஸ்டூடியோல ஷூட்டிங் நடத்துற ஃப்ளோர் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. ஒருத்தர் செஞ்ச சாமானை அடுத்த ஃப்ளோர்காரங்க கேட்டு வாங்கித் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அடியில சக்கரம் இருக்கு பாருங்க. பெட்டி செஞ்ச படத்துல கடைசியில இந்த சீனே எடுக்கலைன்னு நினைக்கிறேன்.” பெட்டி செய்யப்பட்ட படத்தின் பெயரைச் சொன்னார். அப்பா ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்த அந்த அழுகைப் படம்.

அம்மா சாமான் அறையிலேயே பெட்டிக்குள் ஏறியிருக்கிறாள். பின்பலகையைச் சாத்தித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எந்த ஃப்ளோர், எந்தப் படம் என்று உள்ளே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? வேலை முடிந்ததும் ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டிருக்கிறார்கள். வேறொரு படத்தில் நடித்துவிட்டு, இந்தப் படத்தில் தன்னைத் தேடியிருக்கிறாள். நூலால் கட்டிய அந்தக் கப்பலைத் தொட்டுப் பார்த்தேன். தையல்காரியின் கட்டு, இத்தனை வருடத்தில் ஒரு சுற்றுகூட நழுவவில்லை.

அன்று சாயங்காலமே டிவியையும் கேசட் ஓட்டும் பெட்டியையும் வியாபாரியின் வண்டியில் ஏற்றி அப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ரேடியோவை நிறுத்தினார்.

“செத்தவளை எதுக்கும்மா விசாரணைக்கு இழுக்கிற?”

“உயிரோட இருந்தப்ப விசாரிக்காமலே தீர்ப்பு சொன்னீங்க இல்ல, அதுக்குத்தான்.”

“எனக்குக் கண்ணு தெரியல.”

“கப்பல்” என்றேன். “டிவிக்குப் பக்கத்துல உட்காந்தா தெரியும். வாங்க.”

அவர் வந்தார். நாற்காலியை டிவிக்கு ஓர் அடி தூரத்தில் போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர்த் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். நான் அவர் முகம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்றுகொண்டேன். அவர் உடைவதை ஒரு நொடிகூடத் தவறவிடக் கூடாது என்று நினைத்தேன். அத்தனை வன்மம் எனக்குள் இருந்தது.

வில்லன் பேசினான். மஞ்சள் பெட்டி வந்தது. கப்பல் பறந்தது. அப்பாவின் முகத்தில் ஒன்றுமில்லை, டிக்கெட்டைக் கையில் வாங்கித் தேதி பார்ப்பவரின் முகம். கப்பல் விழுந்தது. கை வந்தது. நிமிர்த்தியது. இரண்டு தட்டு.

“நிறுத்து.”

நிறுத்தினேன்.

“திரும்பப் போடு.”

போட்டேன். அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, மூக்கு டிவித் திரையில் படுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன்.

“அவதான்” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?” குரலைக் கடுமையாகத்தான் வைத்துக்கொண்டேன். “நல்லா செக் பண்ணிச் சொல்லுங்க.”

“எதை வெச்சாலும் அப்படித் தட்டித்தான் வைப்பா. பால் பாத்திரம், கத்திரிக்கோல், தூங்கற உன் தலை… எல்லாத்தையும். இருன்னு சொல்றது அது.” தன் கையைத் தூக்கிப் பார்த்தார், அது யாருடையதோ என்பது போல. “நீ டிக்கெட் குத்தின பழக்கம்னு சொல்வியே. இல்லம்மா. அவளோடது. அவ போனப்புறம் என் கையில வந்து ஒட்டிக்கிச்சு. நான் சொல்லல.”

டிவியில் படம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாரோ யாரையோ துரத்தினார்கள்.

“ஒருநாள் விரல் நுனியெல்லாம் சுட்டுக்கிட்டு வந்தா” என்றார் அப்பா. “கொப்பளம். அந்தக் கையோடவே சமைச்சா. நான் பார்த்தேன். எப்படி ஆச்சுன்னு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அப்ப இன்னும் படம்கூட வரல, எனக்கு அவ மேல கோபம்கூட இல்லை. சும்மா கேக்கல. அப்புறம் கோபம் வந்து கேக்கல.”

“ஆஸ்பத்திரில, சீனை வெட்டிட்டாங்கன்னு சொன்னாளே, காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். என் கோபத்துக்கு வேண்டியதெல்லாம் கையில் இருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டிருக்கலாம், இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் தரையில் மண்டியிட்டிருந்த அந்தக் கிழவரிடம் கேட்க எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். அம்மாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளுடைய சீனை யாரும் வெட்டவில்லை என்று அவளிடம் போய்ச் சொல்ல வழியில்லை. அது தெரியாமலே செத்துப்போனாள். அதை நினைத்ததும் நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“தியேட்டர்ல விளக்கு போட்ட பிறகும் அவ எழுந்திருக்கல, ஞாபகம் இருக்கா உனக்கு?” என்றார். “வெள்ளைத் துணியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. தேடிட்டு இருந்திருக்கா. தேடுறவங்களுக்கு நேரம் குடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். அவளைக் கையைப் பிடிச்சு எழுப்பிட்டேன், எல்லாரும் பாக்கறாங்கன்னு.”

கையிலிருந்த தம்ளரைத் தடவித் தடவித் தரையில் வைத்தார். தட்டுவதற்கு விரலைத் தூக்கியவர் தட்டாமல் அப்படியே பிடித்திருந்தார்.

“டிக்கெட் இருந்திருக்கும்மா அவகிட்ட” என்றார். “நான் இறக்கிவிட்டுட்டேன்.”

நான் அவர் தோளில் கை வைத்தேன். அப்படி வைத்து எத்தனை காலம் ஆகிறது என்று எனக்கே தெரியாது. வாசலில் வியாபாரி வண்டியை எடுக்கலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அப்பா மறுபடி போடச் சொன்னார், கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டேன்.